பிள்ளை பார்க்காத நேரத்தில்

“அடுத்தவுக பிள்ளை அழுகைய நொடியில நிப்பாட்டிருவீக டீச்சரு. நாளைக்கு ஒங்க பிள்ளை அழுகயில என்ன செய்யிறீகன்னு நானும் இருந்து பாக்கத்தான போறேன்” என்று பேச்சியம்மா ஆயா ஒருமுறை என்னிடம் சொன்னார். அருப்புக்கோட்டையில் ஒரு நர்சரி பள்ளியில் நான் எல்.கே.ஜி. டீச்சராக இருந்த காலம் அது. ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் வாரம். சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி ஓடும் சத்தம். இந்தப் பக்கம் நாற்பது பிள்ளைகளின் அழுகை. எனக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. “எம் பிள்ளை அழுகாது ஆயா” என்றேன். “ஆமாமா, டீச்சரு வீட்டுப் பிள்ளைக்குச் சாமி கண்ணுல தண்ணி வைக்காமத்தான் அனுப்பும்” என்று சொல்லிவிட்டு, இடுப்பில் இருந்த பையனின் மூக்கைத் துடைத்தபடி போய்விட்டார்.

இப்போது நான் ஜெர்மனியில், பெயர் சொன்னாலும் உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லாத ஒரு சின்ன நகரத்தில் குடியிருக்கிறேன். இங்கே மழலையர் பள்ளியைக் ‘கிட்டா’ என்கிறார்கள். போன ஆகஸ்டில் என் மகள் தர்ஷினியை அங்கே சேர்த்தேன். மூன்று வயது முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வாசலில் நின்ற ஜில்கே என்ற ஆசிரியை என் மகளைக் கையில் வாங்கவில்லை. எங்கள் இருவரையும் உள்ளே கூட்டிப்போய், சுவரோரமாக ஒரு குட்டி நாற்காலியைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சில் இடிக்கும் நாற்காலி. நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். “ஒன்றும் செய்ய வேண்டாம். இருந்தால் போதும்” என்றார். எத்தனை நாளைக்கு என்றேன். “அதை உங்கள் மகள்தான் சொல்வாள்” என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்துவைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

இதற்கு இங்கே ‘ஐன்கெவோனுங்’ என்று பெயர். புது இடத்துக்குப் பிள்ளையைப் பழக்குவது என்று சொல்லலாம். முதலில் சில நாள் அம்மாவோ அப்பாவோ அறையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பிறகு பத்து நிமிடம் வெளியே போய் வர வேண்டும். பிறகு அரை மணி நேரம். பிறகு ஒரு காலைப்பொழுது. இது முடிய மூன்று வாரமும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். எனக்கோ செப்டம்பர் நடுவில் படிப்பு தொடங்க இருந்தது. நம் ஊரில் நான் படித்த ஆசிரியர் பயிற்சியை இவர்கள் பாதிதான் ஒப்புக்கொள்கிறார்கள். மீதிப் பாதிக்கு ஒரு வருடம் படித்து, ஒரு கிட்டாவில் பயிற்சியும் எடுத்தால், இங்கேயும் நான் டீச்சர். அதற்கு இடம் கிடைத்திருந்தது. தர்ஷினி கிட்டாவில் தங்கினால்தான் நான் போக முடியும். என் கணவருக்கு இயந்திரத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள இந்த ஊரில் வேறு யாரும் இல்லை. ஒரு மணி நேரத்துக்குக்கூட யாரும் இல்லை.

படிப்பு என்பது எனக்கு எவ்வளவு பெரியது என்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போனவள் நான் ஒருத்திதான். திருச்சுழி போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். அம்மா பருத்தி எடுக்கவும் மிளகாய் எடுக்கவும் போனவள், இன்றும் போகிறவள். அப்பா காட்டுவேலைக்குப் போய்க்கொண்டிருந்து, பிறகு மல்லிக் கிட்டங்கியில் மூடை தூக்கினார். நான் பிளஸ் டூ முடித்து, ஆசிரியர் பயிற்சியும் முடித்து, முதல் நாள் சேலையில் பின் குத்தி பஸ்ஸுக்கு நின்றபோது, அப்பா பக்கத்தில் வந்து நிற்காமல் டீக்கடைப் பக்கம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் என்று என்னை யாராவது கூப்பிட்டால் இப்போதும் எனக்கு முதுகு நிமிரும். அதை மறைக்க மாட்டேன்.

அந்த நர்சரி பள்ளியில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. எந்தப் பிள்ளை எப்படி அழுதாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். என் வழி இதுதான்: பிள்ளையை அம்மாவின் இடுப்பிலிருந்து நான் வாங்கிக்கொள்வேன். ஜன்னலுக்குக் கொண்டுபோய், “அந்தா பாரு, வேப்ப மரத்துல அணிலு. அதுக்கு வாலு எம்புட்டு நீளம்?” என்பேன். பிள்ளை அணிலைப் பார்க்கும். நான் தோளுக்கு மேலே திரும்பி அம்மாவைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்குவேன். அவ்வளவுதான். கடைக்காரர் வீட்டு அம்மாக்கள் ஸ்கூட்டரைச் சத்தமில்லாமல் தள்ளிக்கொண்டே தெருமுனை வரை போவார்கள். கிராமத்து அம்மாக்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு காம்பவுண்டு சுவரோரமாகக் குனிந்து ஓடுவார்கள். பிள்ளை திரும்பிப் பார்க்கும்போது அம்மா இருக்காது. கத்தும், உருளும், என் கையைக் கடிக்கும். பத்து நிமிடம்; மிஞ்சிப்போனால் அரை மணி. அதற்குப் பிறகு ஓய்ந்துவிடும். ஒரு வாரத்தில் வகுப்பே ஓய்ந்துவிடும். கையைக் கட்டி, வாயில் விரல் வைத்து உட்கார்ந்திருக்கும் நாற்பது பிள்ளைகளைத் தாளாளர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “இந்தப் பொண்ணு கைராசி” என்பார். சொல்லிவிட்டுப் போனால் பிள்ளை ஏங்கிப்போகும், பார்க்காத நேரத்தில் போய்விட வேண்டும் என்பதில் எங்கள் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் அதுதான் வழக்கம். வெளியூர் போகிற அப்பா, வேலைக்குப் போகிற அம்மா, திருவிழாவுக்கு வந்துவிட்டுத் திரும்புகிற அத்தை, எல்லோரும் பிள்ளை பார்க்காத நேரத்தில்தான் கிளம்புவார்கள்.

கிட்டாவில் அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து நான் முதலில் பார்த்ததெல்லாம் குறைதான். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியைகள், ஒரு பயிற்சி மாணவி. ஆனால் யாரும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. எழுத்து இல்லை, எண் இல்லை, பாட்டுக்கூட நாளைக்கு ஒன்றுதான். பிள்ளைகள் மண்ணைக் கிளறின, குவளையிலிருந்து குவளைக்குத் தண்ணீர் ஊற்றின, அவ்வளவுதான். ஜில்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். முதல் வார முடிவில் என் மகளின் குறிப்பேட்டை ஆசையாக வாங்கிப் பார்த்தேன். ‘தர்ஷினி இன்று நெடுநேரம் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றும்போது அம்மா இருக்கிறாரா என்று ஏழு முறை திரும்பிப் பார்த்தாள்’ என்று எழுதியிருந்தது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. வீடியோ காலில் என் நாத்தனார், “ஏ பி சி டி சொல்லச் சொல்லுங்க மதினி, ஜெர்மனிப் பள்ளிக்கூடத்துல என்ன படிச்சான்னு பாப்போம்” என்று கேட்டால் இதையா காட்டுவது? நான் எல்.கே.ஜி. நடத்திய அறையில் மூன்றரை வயதுப் பிள்ளை நான்கு கோட்டு நோட்டில் கோடு தாண்டாமல் எழுதும். அதில் பாதி, நான் கையைப் பிடித்து எழுதியது என்பது வேறு விஷயம்.

எனக்கு அங்கே பேச ஆளில்லை. மற்ற அம்மாக்கள் தலையை அசைத்துவிட்டுப் போவார்கள். என் வகுப்பு வாசலில் நின்றால் ஐந்து நிமிடத்தில் யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்குக் காய்ச்சல், எந்தப் பிள்ளையின் அப்பா திருப்பூரிலிருந்து வந்திருக்கிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். இங்கே மூன்று வாரம் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தும் பக்கத்து நாற்காலிக்காரியின் பெயர் தெரியாது. ஒருநாள் அவள் மகன் விழுந்து அழுதபோது பழக்கத்தில் தூக்கி இடுப்பில் வைத்து, முழங்காலை ஊதிவிட்டேன். அவள் எழுந்து வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு, எனக்கு நன்றி சொன்னாள். அந்த நன்றி, இனிமேல் தொடாதே என்பதுபோல எனக்குக் கேட்டது. ஒருவேளை அது வெறும் நன்றிதானோ என்னவோ. கேட்கிற அளவுக்கு எனக்கு அன்று ஜெர்மன் வரவில்லை.

இரண்டாவது வாரம் ஒரு நாள் ஜில்கே என்னிடம், “இன்று பத்து நிமிடம் வெளியே போய் வாருங்கள்” என்றார். அதற்கு முன் இன்னொன்றும் சொன்னார். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இது எனக்குத் தெரிந்த வேலை என்ற நினைப்பு. தர்ஷினி தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போகிற வரைக்கும் காத்திருந்தேன். நீலக் குவளையை எடுத்தாள். முதுகு என் பக்கம். நான் ஜில்கேயைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினேன். அவர் புன்னகை செய்தார். சரி, புரிந்துகொண்டார் என்று நினைத்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறி, வேலிச் செடிக்குப் பின்னால் போய் நின்றேன். என் வாழ்நாளில் எத்தனையோ அம்மாக்களை அப்படி நிற்கவைத்தவள், முதல்முறையாக நானே நின்றேன். அழுகைச் சத்தம் வரும் என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. பத்து நிமிடம் ஆனது, அப்போதும் வரவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. கால் மணி நேரம் கழித்து, இன்னும் கொஞ்சம் பழகட்டுமே என்று மேலும் நின்றேன். ஜில்கேயின் போன் வந்தது. “நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?” என்றார். நான் புருவத்தைத் தூக்கியது கழிப்பறைக்குப் போய்வரத்தான் என்று நினைத்தாராம்.

உள்ளே போனபோது தர்ஷினி, பிள்ளைகளின் மழைக்கோட்டுகள் தொங்கும் இடத்தில் என் மழைக்கோட்டுக்கு அடியில் நின்றுகொண்டிருந்தாள். ஒவ்வொரு அறையாகத் தேடியிருக்கிறாள். மேசைகளுக்கு அடியில் குனிந்து பார்த்திருக்கிறாள். யார் தூக்க வந்தாலும் நழுவியிருக்கிறாள். கடைசியில் என் கோட்டைக் கண்டுபிடித்து, அதன் கைப்பகுதியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். உடுப்பு நனைந்திருந்தது. அழவில்லை. என்னைப் பார்த்ததும் ஓடி வரவுமில்லை. நான் குனிந்து தூக்கியபோதும் கோட்டை விடவில்லை. முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. அவளுக்கு உடை மாற்றிவிட்ட பயிற்சி மாணவியின் கண் கலங்கியிருந்தது. என் மகளின் கண்ணில் ஒன்றும் இல்லை.

“அவளிடம் சொல்லிவிட்டுப் போனீர்களா?” என்று ஜில்கே கேட்டார்.

“சொன்னால் அழுவாள்.”

“அழட்டுமே. அழுகிற பிள்ளையோடு இருக்கத்தான் நாங்கள் இருக்கிறோம். இப்போது அவள் தொலைந்துபோன பிள்ளையாக இருந்தாள். அதற்கு எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.”

நான் விடவில்லை. நானும் டீச்சர்தான், நான்கு வருடம் நாற்பது பிள்ளைகளைப் பழக்கியவள், எல்லாப் பிள்ளையும் ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். “சரியாகிவிட்டார்கள் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?” என்று ஜில்கே கேட்டார். சத்தியமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்று இன்று நினைக்கிறேன். அன்று எனக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல இருந்தது. “திங்கட்கிழமையிலிருந்து மறுபடியும் முதல் நாள்” என்றார். அப்படியென்றால் செப்டம்பர் படிப்பு கிடையாது. பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் வீடு வரை நடந்தேன். வழியில் ஒரு ஆளும் எதிர்ப்படவில்லை. எங்கள் கரிசக்காட்டில் மத்தியான வெயிலில்கூட ஆடு மேய்க்கிற யாராவது ஒருத்தர், “என்னத்தா, மொகம் வாடியிருக்கு” என்று கேட்டிருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன். நான் பேசி முடிக்கும் வரை பொறுக்காமல், “சொல்லிட்டா எந்தப் பிள்ளைத்தா விடும்? அந்தப் பொம்பள பிள்ளை பெத்தவளா இல்லையா?” என்றாள். எனக்கு அந்த வார்த்தை இதமாக இருந்தது. “ஒன்னையவும் அப்பிடித்தான விட்டுட்டுப் போனேன், பால்வாடில. மிளகாய்க்கு ஆளேத்துற வண்டி எனக்காக நிக்குமா? ஆயா ஒங்கையில சத்துமாவு உருண்டையக் குடுத்து ஒன்னையத் திருப்புவாக, நான் ஓடிப்போயி வண்டில ஏறிக்கிருவேன். நீ அழுகவே மாட்ட. ஊரே சொல்லும், சின்னப்பொண்ணு மக மாதிரி புத்தியுள்ள பிள்ளை இல்லன்னு.” இந்தக் கதையை நூறு தடவை கேட்டிருக்கிறேன். அழாத பிள்ளை என்பதில் எனக்கே பெருமை உண்டு. அன்று முதல்முறையாக, “அழாம என்னம்மா செஞ்சேன்?” என்று கேட்டேன். “என்ன செஞ்ச... வாசல் நெலையப் பிடிச்சுக்கிட்டு நிப்ப. சாயங்காலம் நான் வாரவரைக்கும் நிப்பியாம். உக்காருன்னாலும் உக்கார மாட்டியாம்” என்றாள் அம்மா, அதையும் பெருமையாகத்தான். அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அந்த வண்டி நிற்காது என்பது உண்மை. அன்றைய வேலை போனால் அன்றைய சோறு போனது என்பதும் உண்மை. ஆனால் என் வகுப்பில் ஒரு வாரத்தில் ஓய்ந்துபோன பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கையைக் கட்டி, வாயில் விரல் வைத்து.

இன்னொன்றையும் எழுத வேண்டும். அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். ஜெர்மன் படிக்க நான் மெட்ராஸில் ஏழு மாதம் விடுதியில் இருந்தேன். கணவர் அதற்கு முன்பே இங்கே வந்துவிட்டார். தர்ஷினிக்கு அப்போது இரண்டு வயது. அவளை அம்மாவிடம் விட்டிருந்தேன். மாதம் ஒருமுறை ஊருக்கு வருவேன். திரும்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருக்க, கையில் சுற்றியிருக்கும் என் துப்பட்டா நுனியை மெல்ல உருவிவிட்டு, முதல் பஸ்ஸுக்குப் போய்விடுவேன். இங்கே வந்த பிறகும் அவள் அந்த நுனியைப் பிடிக்காமல் தூங்க மாட்டாள். நான் குளித்தால் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பாள். “ஆத்தா மேல அம்புட்டு உசுரு” என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அதைப் பாசம் என்றுதான் சொல்லிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமைத்துக்கொண்டிருந்தபோது அவளிடம், “நாளைக்கு அம்மா ஒன்ட்டச் சொல்லிட்டுத்தான் வெளிய போவேன், சரியா?” என்றேன்.

“பொய்யி” என்றாள், உருளைக்கிழங்குத் தோலைக் கிள்ளிக்கொண்டே.

“பொய்யில்ல தங்கம்.”

“அம்மாச்சி வீட்டுல நான் தூங்கயில போனீல்ல? எந்திரிச்சுப் பாத்தா அம்மா இல்ல.”

ஒரு வருடமாக அந்தச் சின்ன மண்டைக்குள் அது இருந்திருக்கிறது. சின்னப் பிள்ளைக்கு என்ன நினைவிருக்கப்போகிறது என்று பயிற்சியில் தொண்ணூறு மார்க் வாங்கிய நான் நினைத்திருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டு அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன். “ஆமா. சொல்லாமத்தான் போனேன். தப்புத்தான்” என்றேன். அவள் யோசித்தாள். “இப்பச் சொல்லு” என்றாள்.

“என்னத்த?”

“இப்பச் சொல்லு. அன்னைக்குச் சொல்லாதத.”

சமையலறைத் தரையில் உட்கார்ந்து, என் மகளின் முகத்தைப் பார்த்து, “தர்ஷி, அம்மா மெட்ராசுக்குப் படிக்கப் போறேன். நீ அம்மாச்சி கூட இரு. அம்மா போயிட்டு வந்துருவேன்” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அவள் உதடு கோணியது. பிறகு அழுதாள். அப்படி ஒரு அழுகையை நான் எந்த ஜூன் மாதத்திலும் கேட்டதில்லை. என் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கி, “போகாத, போகாத” என்றாள். என் கண் தானாகவே ஜன்னலுக்குப் போனது, காட்டுவதற்கு ஒரு பறவையாவது இருக்கிறதா என்று. கண்ணைத் திருப்பிக்கொண்டேன். அவள் அழுது முடிக்கும் வரை அப்படியே இருந்தேன். அந்த மத்தியானம் வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான். குழம்பு அடுப்பில் ஆறிப்போனது.

மறுநாள் கிட்டாவில் மறுபடி முதல் நாள். ஜில்கேயிடம் என் வீட்டில் நடந்ததை எனக்குத் தெரிந்த வார்த்தைகளில் சொன்னேன். அவர் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை; காப்பி போட்டுக் கொடுத்தார். பால் ஊற்றாத, சர்க்கரை போடாத காப்பி. இந்த ஊரில் எனக்கு ஒருத்தர் போட்டுக்கொடுத்த முதல் காப்பி. அடுத்த வாரம், “அம்மா கடை வரைக்கும் போயிட்டு வாரேன். நீ ஆப்பிள் தின்னு முடிக்கயில வந்துருவேன்” என்று தர்ஷினியிடம் சொல்லிவிட்டு எழுந்தேன். கத்தினாள். முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்கக் கேட்கக் கதவு வரை நடப்பது, ஒளிந்து ஓடுவதைவிட எவ்வளவு கடினம் என்று எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஜில்கே அவளைத் தூக்கிக்கொண்டு ஜன்னலில் நின்றார், என்னைக் காட்டிக்கொண்டே. “அம்மா போகிறார். உனக்கு அது பிடிக்கவில்லை” என்று அவள் காதில் சொன்னது கேட்டது. ஆப்பிள் முடிவதற்குள் வந்துவிட்டேன். தர்ஷினி என்னை அடித்தாள். மறுநாளும் அடித்தாள். ஆறு வாரம் ஆனது. செப்டம்பர் படிப்பு போய்விட்டது. மார்ச்சில் அடுத்த வகுப்பு. இடத்தை அதற்கு மாற்றிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று குறிப்பேட்டில் ஜில்கே எழுதியிருந்தார்: ‘இன்று தண்ணீர் ஊற்றினாள். ஒரு முறைதான் திரும்பிப் பார்த்தாள்.’ இந்தமுறை அதை நாத்தனாருக்குப் படித்துக்காட்டினேன். “இதெல்லாம் ஒரு மார்க்கா மதினி?” என்றாள். “ஆமாடி, இதுதான் மார்க்கு” என்றேன்.

‘இங்கே’ என்று ஜெர்மனியைச் சொல்லிக்கொண்டு வந்தாலும், இதை எழுதுவது எங்கள் ஊரில் இருந்து. அப்பாவுக்குக் கண்ணில் அறுவைச் சிகிச்சை, மதுரையில் வைத்து நல்லபடியாக முடிந்தது. நான் மட்டும் பன்னிரண்டு நாளுக்கு வந்திருக்கிறேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளக் கணவர் லீவு போட்டிருக்கிறார். வருவதற்கு ஒரு வாரம் முன்பே தர்ஷினியிடம் சொன்னேன். தினமும் அழுதாள், தினமும், “தாத்தா கண்ணு சரியானதும் வந்துருவியா?” என்று கேட்டாள். கிளம்பிய காலையில் கிட்டாவுக்குக் கூட்டிப்போய், ஜில்கேயின் இடுப்பில் அவள் அழ அழச் சொல்லிவிட்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். ஊருக்கு வந்த முதல் இரண்டு நாள் அவள் போனில் என்னோடு பேசவில்லை. கோபத்தைக் காட்ட அவளுக்குத் தெரிகிறது என்று நான் ஆறுதல் சொல்லிக்கொண்டதை, கணவர் நம்பவில்லை. மூன்றாம் நாள் திரைக்கு முன்னால் வந்து, அப்பா ரசம் வைக்கத் தெரியாமல் வைத்ததைப் பற்றி நெடுநேரம் புகார் சொன்னாள்.

நேற்று அம்மா மிளகாய்க்குப் போய்விட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். “என்னைக்கித்தா பயணம்?” என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள், “வேணாம், சொல்லாத. நான் காட்டுக்குப் போயிருக்கயில கெளம்பிரு தாயி. நின்னு சொல்லிக்கிட்டெல்லாம் இருக்காத. எனக்குத் தாங்காது” என்றாள். நான் கல்யாணமாகிப் போனபோதும் சரி, வெளிநாடு போனபோதும் சரி, அம்மா தொழுவத்தில் ஏதோ வேலையாக இருந்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“வியாழக்கிழமை போறேன்மா. காலைல ஒம்பது மணி பஸ்ஸு. நீயும் ரோடு வரைக்கும் வா. சொல்லிட்டுத்தான் போவேன்.”

“அந்த ஊருல ஒனக்கு இதத்தான் படிச்சுக் குடுத்தாகளாக்கும்? பெத்தவள அழுகவச்சுப் பாக்கணும்னு?” என்று சண்டைக்கு வருவதுபோலக் கேட்டாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு அங்கேயே, மிளகாய் நெடி அடிக்கும் சேலையோடு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். என் அம்மா அழுது நான் பார்த்தது அதுதான் முதல்முறை. கண் கட்டோடு உள்ளே படுத்திருந்த அப்பா, “என்ன புள்ள அங்க?” என்று குரல் கொடுத்தார். “ஒண்ணுமில்லப்பா. வியாழக்கிழமை போறேன்னு அம்மாட்டச் சொன்னேன்” என்றேன். அப்போது எங்கள் ஊரில் மணி பன்னிரண்டரை. ஜெர்மனியில் காலை எட்டு, தர்ஷினி கிட்டா வாசலில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருப்பாள். நான் வருகிற நாளைத் தெரிந்துவைத்துக்கொண்டு அங்கே ஒருத்தி; நான் போகிற நாளைத் தெரிந்துவைத்துக்கொண்டு இங்கே ஒருத்தி. இரண்டும் ஒரே டிக்கெட்தான். நான் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.